சித்திக்கு எதிராக நாற்பத்து மூன்று பேர்

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டால், அது மறுபடி நகர்வதற்குள் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பக்கத்து சீட்டு அக்கா ஒருத்தி ஸ்வெட்டரே பின்னி முடித்திருக்கிறாள். நான் என் சித்தியின் குடும்பத்தைக் கலங்கடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நான்கு வருடம் ஆகிறது. அப்போது நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. (இரண்டாம் ஆண்டு ஆபத்தானது. முதலாண்டில் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்திருக்கும். மூன்றாமாண்டில் அது மறுபடியும் தெரிந்துவிடும். நடுவில் அந்த ஒரு வருடம் மட்டும் நகரத்தையே திருத்திவிடலாம் போல இருக்கும்.) அன்றைய வகுப்பில் நிலப்பயன்பாட்டுச் சட்டம் நடத்தியிருந்தார்கள். லாரி நகரவில்லை. நான் போனில் நகரத்தின் வரைபடத்தைத் திறந்தேன். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை, தொழிற்சாலைகளுக்கு ஊதா. விரலால் விரித்து விரித்து திருவொற்றியூருக்கு வந்து, சாத்தாங்காடு இரும்புச் சந்தையைப் பிடித்து, அதன் ஓரமாகவே நடந்து எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் தெரு ஊதா. வெளிர் ஊதாகூட இல்லை, கத்திரிக்காய் ஊதா. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் பார்த்தேன். 'அபாயகரமான தொழில்களுக்கான சிறப்புப் பகுதி' என்று போட்டிருந்தது.

பிறந்ததிலிருந்து நான் சாப்பிட்டது, தூங்கியது, காய்ச்சலில் படுத்தது எல்லாமே ஓர் அபாயகரமான தொழிற்பேட்டையில் என்று ஷேர் ஆட்டோவில் வைத்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெரு அந்தத் திட்டத்துக்கு முன்பே இருந்தது. அதனால் சட்டம் பெருந்தன்மையாக எங்களை இருக்கவிட்டிருந்தது. இருக்கலாம், ஆனால் வளரக் கூடாது. புதிதாக ஓர் அறைகூடக் கட்ட அனுமதி கிடைக்காது. அமிலக் கிடங்கு வைக்க வருகிறவருக்கு எங்கள் தெரு 'வாங்க' என்றது. படுக்கையறை கட்ட நினைப்பவரிடம் 'எதுக்கு?' என்று கேட்டது.

படுக்கையறை கட்ட நினைத்தவள் என் சித்தி கஸ்தூரி.

சித்தியின் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். முன்பக்கத்தில் மீன் வறுவல் கடை. இரும்புச் சந்தை லாரிக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் சாயங்காலம் ஆனால் அங்கேதான் நிற்பார்கள். சித்தப்பா சந்தையில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் செல்வி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்கும் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தில்லிபாபுவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தில்லிக்கு அப்பா அம்மா இல்லை. நண்பர்களோடு ஒரே அறையில் ஆறு பேராக இருந்தார். "மேல ஒரு ரூம் மட்டும் போட்டுக் குடுங்க அத்தே, நான் இங்கியே வந்துட்றேன்" என்று அவரே கேட்டிருந்தார். ஒற்றை மகளை அனுப்பவே வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொன்னால் ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாடி வேண்டும். அவ்வளவுதான்.

அனுமதி இல்லாமல் கட்டலாம், பலர் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் அப்படிக் கட்டிய மாடிக்கு சீல் வைத்து, பூட்டில் அரக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி தினமும் அந்த வழியாகத்தான் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருவாள். "அந்தப் பூட்டு எனுக்குக் கனாவுல வருதுடி" என்பாள்.

அன்று ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக சித்தி கடைக்கு ஓடினேன். வரைபடத்தைக் காட்டினேன்.

"இன்னாடி சொல்ற? நாம கீறது வூடே இல்லியா?"

"வீடுதான் சித்தி. ஆனா சட்டப்படி இந்த இடம் ஃபேக்டரிக்கு."

"அப்ப இன்னாத்துக்கு எனுக்கு வூட்டு வரி போட்றான்?"

(இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.)

"கவலப்படாத சித்தி. இடத்தோட வகையை மாத்தச் சொல்லி விண்ணப்பம் போடலாம். ஊதாவ மஞ்சள் ஆக்கிடலாம்."

சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்து, இருமல் மருந்து பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் விடமாட்டார். மாத்திரை அட்டையின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், தீப்பெட்டி எல்லாவற்றையும் எழுத்து விடாமல் படிப்பார். தலையை நிமிர்த்தி, "வக்கீலம்மா சொன்னா சர்தான்" என்றார். அன்றிலிருந்து நான் வக்கீலம்மா ஆனேன். அந்தப் பட்டம் அப்போது மரியாதையாகத்தான் இருந்தது.

விண்ணப்பம் போட்டோம். சில மாதங்கள் கழித்துப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. இன்ன சர்வே எண்ணில் உள்ள இடத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கேட்டிருக்கிறார்கள், யாருக்காவது ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் தரலாம் என்று. சித்தி அதைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அதற்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெரு முனையில் ஒரு ரசாயனக் கிடங்கு வரப்போவதாகப் பேச்சு வந்தது. அப்போது ஊரே சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தோம். மனுவை எழுதியவள் நான். கிடங்கு வரவில்லை. (அவர்களே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அந்த விவரத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.) ஆக, கையெழுத்து வாங்கினால் காரியம் நடக்கும் என்று தெரு நம்பியது. நானும் நம்பினேன். சித்திக்கு ஆதரவாகத் தெருவே எழுதிக் கொடுத்தால் அலுவலகம் அசந்துவிடாதா? ஒரே மனுவில் எல்லோரும் போடுவதைவிட ஆளுக்கொரு கடிதம் என்றால் கனமாக இருக்கும். இதுவும் என் யோசனை.

புதிதாக எழுத நேரமில்லை. கல்லூரியில் மதிய இடைவேளையில் பழைய மனுவைத் திறந்தேன். முகவரி, பொருள், வணக்கம் எல்லாம் அதில் தயாராக இருந்தது. 'ரசாயனக் கிடங்கு' என்று வந்த இடத்தில் எல்லாம் 'திருமதி கஸ்தூரி' என்று ஒரே தட்டில் மாற்றினேன். கணினி உடனே மாற்றிவிட்டு, பதினொரு இடங்கள் என்று பெருமையாகச் சொன்னது. அதை 'மனு இறுதி' என்று சேமித்தேன். பிறகு நடுவில் இருந்த குற்றச்சாட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, சித்தியின் நல்ல குணங்களையும் மாடியின் அவசியத்தையும் உருக்கமாக எழுதி, 'மனு இறுதி உண்மை' என்று சேமித்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது சித்தி போன் செய்தாள். "பாய் கடையில எல்லாம் வந்து நின்னுகினு கீறாங்கடி. சீக்கிரம் அனுப்பு."

ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். அனுப்பினேன். எதை அனுப்பினேன் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். எங்கள் தெருவால் முடியவில்லை.

ரஹீம் பாய் ஜெராக்ஸ் கடையில் நாற்பத்து மூன்று பிரதி எடுத்தார். காசு வாங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மீன் கடை பெஞ்சில் ஒரே திருவிழா. வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு துண்டு சங்கரா மீனைத் தின்றார்கள். சிலர் தின்றுவிட்டுப் போட்டார்கள். அதனால் பல கடிதங்களில் எண்ணெய் விரல் தடம் இருந்தது. யாரும் படிக்கவில்லை. "நம்ம பொண்ணு எழுதினது, இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்றார் பாய். கடைசியில் ஒரு பிரதி மிஞ்சியது.

"நீயும் போடு கஸ்தூரி, ஒண்ணு கூட இருந்தா நல்லதுதான்" என்று யாரோ சொன்னார்கள்.

சித்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, கஸ்தூரி என்று அழகாகப் போட்டாள்.

கடிதக் கட்டை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். வாங்கியவர் கனத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து இடத்தைப் பார்வையிட ஓர் அதிகாரியம்மா வந்தார். கையில் குடை, பின்னால் டேப் பிடிக்க ஓர் ஆள், கக்கத்தில் தடித்த கோப்பு. எல்லோரும் வரவேண்டும் என்று நான் முதல் நாளே தெருவில் சொல்லிவைத்திருந்தேன். சித்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். செல்வி புதுச் சுடிதாரில் சோடா கொண்டுவந்தாள். தில்லி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மாடி எந்தப் பக்கம் வரும் என்று வானத்தில் கையால் வரைந்து காட்டினார்.

அதிகாரியம்மா கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் யாரு?"

"மனு குடுத்தது நாங்கதான் மேடம்" என்றார் பாய், முன்னால் வந்து.

"எல்லாருமா?"

நாற்பது கைகள் உயர்ந்தன. நான் கண் கலங்கி நின்றேன். ஒரு நகரம் மக்களால் உருவாவது இப்படித்தான் என்று மனதுக்குள் ஒரு சொற்பொழிவே ஓடியது.

"இந்தம்மா மேல உங்களுக்கு அவ்வளவு கோபமா?" என்றார் அதிகாரியம்மா.

"கோவமா? தங்கமான பொம்பள மேடம்" என்றார் பாய்.

அதிகாரியம்மா கோப்பைத் திறந்து, மேலே இருந்த கடிதத்தை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'மேற்படி திருமதி கஸ்தூரி வெளியிடும் புகையினால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கண் எரிச்சல் ஏற்படும்.'"

அடுப்பில் எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"'மேற்படி திருமதி கஸ்தூரி காரணமாகக் கனரக வாகனங்கள் நேரம் காலமின்றித் தெருவை அடைத்து நிற்கும்.'"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடை வாசலில் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. டிரைவர் ஒருவர் கையில் மீன் துண்டோடு மெதுவாக வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"'மேற்படி திருமதி கஸ்தூரி எந்நேரமும் வெடிக்கக்கூடிய தன்மை கொண்டது.'"

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார்.

"'எனவே மேற்படி திருமதி கஸ்தூரி குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதை அனுமதிக்காமல், ஊருக்கு வெளியே அப்புறப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'"

அதிகாரியம்மா தாளைப் புரட்டினார். "நாற்பத்து மூணும் இதேதான். நான் இந்த வேலைக்கு வந்து எவ்வளவோ பார்த்திருக்கேன். விண்ணப்பம் போட்டவங்களே தன்மேல ஆட்சேபணை குடுத்தது இதுதான் முதல் தடவை. இது உங்க கையெழுத்தா?"

சித்தி எட்டிப் பார்த்தாள். "என்துதான்."

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்குப் பாடம் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல, இதில் ஏதோ சரியான காரணம் இருக்கும், இவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்து பார்த்தாள். நான் போனை எடுத்து 'மனு இறுதி உண்மை'யைத் திறந்து அதிகாரியம்மாவிடம் நீட்டினேன். அவர் படித்தார். முழுதாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே இரங்கல் கேட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நான் படிச்சேன்."

"எதை?" என்றாள் சித்தி.

"அந்த லெட்டர. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. முழுசா."

"படிச்சிட்டா போட்ட?"

"ஆமா. புகை வருது. லாரி நிக்குது. நீ வெடிக்கற. எல்லாம் வாஸ்தவமாத்தானே கீது? கோர்ட்டு சமாச்சாரத்துல உள்ளத ஒளிக்காம சொல்லணும்போல, வக்கீலம்மா விவரமாத்தான் எழுதிக் கீதுன்னு நெனச்சேன்."

தெரு சிரித்த சிரிப்பில் லாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த டிரைவர்கூட வெளியே வந்தார். அதிகாரியம்மா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. செல்வியும் சிரிக்கவில்லை. தில்லி வானத்தில் வரைந்த மாடியை இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் அதிகாரியம்மா என்னைத் தனியாக அழைத்தார். "யாருமே எதுவும் எழுதாம இருந்திருந்தா, அடுத்த குழுக் கூட்டத்துலயே வெச்சிருப்போம்மா. இப்ப ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பதில் எழுதியாகணும். வாபஸ் வாங்கினாலும் ஆளுக்கு ஒரு கடிதம் வேணும். எப்படியும் தள்ளிப்போகும்."

"ஆதரவுன்னு எழுதினா வாங்க மாட்டீங்களா மேடம்?"

"வாங்குவோம். ஆனா அதுக்குன்னு ஒரு பத்தி கிடையாது. ஆட்சேபணை இருக்கா இல்லையாங்கறதுதான் எங்க கேள்வி."

வரைபடத்தில் ஊதா அடித்தவர்கள் எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. வேண்டாத ஒன்று வரும்போது மட்டும், வேண்டாமா என்று கேட்டார்கள். அதனால் எங்கள் தெருவுக்கு வேண்டாம் என்று எழுத மட்டுமே தெரிந்திருந்தது. என் கணினியில் இருந்த ஒரே மனுவும் அதுதான். (இதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்குத் தோன்றியது, கொசஸ்தலை ஆற்றில் குதித்தால் முழுகும் அளவுக்குத் தண்ணீர் இருக்குமா என்பது மட்டும்தான்.)

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் காலி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தேன். சித்தி ஒரு தட்டில் வஞ்சிரம் வைத்துக் கொண்டுவந்தாள். விற்பனைக்கு வைத்திருந்த நடுத்துண்டு.

"துன்னு."

"வேணாம் சித்தி."

"துன்னுடின்றேன். இல்லன்னா வெடிப்பேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மாடி வரவில்லை. செல்வியும் தில்லியும் எம்.கே.பி. நகரில் ஓர் அறை பிடித்துப் போனார்கள். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் சாமான் ஏற்றிய குட்டி யானை கிளம்பியபோது சித்தி அதற்குப் பின்னாலேயே தெரு முனைவரை நடந்தாள், வண்டி திரும்பிய பிறகும் அங்கேயே நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததற்கு பதில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

பிறகு வாபஸ் கடிதங்கள். இந்த முறை சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் முழுக் கடிதத்தையும் உரக்கப் படித்துக் காட்டினார். நடுவில் எழுந்துபோக யாரையும் விடவில்லை. நாற்பத்து மூன்று தடவை. அதில் ஒரு தடவை சித்திக்கே. ரஹீம் பாய் மட்டும் தகராறு செய்தார்.

"மத்ததெல்லாம் வாபஸ் பாப்பா. புகையை மட்டும் வுட்டுடு. என் கடை ஜெராக்ஸ் தாளெல்லாம் மீன் வாசனை அடிக்குது."

"நிபந்தனை இல்லாம வாபஸ் வாங்கணும் பாய்."

"அப்ப ரெண்டு வஞ்சிரம்."

"அது நிபந்தனை பாய்."

"இல்ல, அது பசி" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் முழுக்க செல்வி வேலை முடிந்து நேரே எம்.கே.பி. நகர் போகாமல், பஸ் பிடித்துக் கடைக்கு வந்து, மீன் பொரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனாள். அதற்கப்புறம் ஒருநாள் உத்தரவு வந்தது. மாடி வந்தது. பச்சை பெயிண்ட் அடித்த ஓர் அறை, ஒரு ஜன்னல். செல்வி திரும்பி வந்தாள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அந்த அறைச் சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அலுவலகத்தில் கேட்டு வாங்கிய அந்தப் பழைய ஆட்சேபணைக் கடிதத்தின் நகல் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எண்ணெய் விரல் தடத்தோடு, கீழே கஸ்தூரி என்ற கையெழுத்தோடு. மாட்டியது தில்லி. சித்தி யாரையாவது உரக்கத் திட்டத் தொடங்கினால் சித்தப்பா அமைதியாக, "மேற்படி ஆரம்பிச்சிடுச்சு" என்பார். குழந்தை இருமினால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சித்தியைப் பார்ப்பார்கள். ஊரில் யாரும் சித்தியை இப்போது கஸ்தூரி என்று கூப்பிடுவதில்லை. 'மேற்படி அக்கா' கடை என்றால்தான் லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

போன வாரம் மறுபடியும் ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். அதே சாலை, வேறு கன்டெய்னர். போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் தெருவில் சித்தி இடம் எது என்று பார்த்தேன். உத்தரவு அந்த ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும்தான். வரைபடத்தை இன்னும் மாற்றவில்லை. மாற்றினாலும் தெரு முழுக்க ஊதாவாகவே இருக்கும். கத்திரிக்காய்க் கூட்டில் ஒரே ஒரு கடலைப்பருப்பு கிடப்பதுபோல சித்தி வீடு மட்டும் மஞ்சளாக இருக்கும். பாய் வீடும் எங்கள் வீடும் இன்னும் அபாயகரமான தொழிற்சாலைகள்தான். பாய் மகனுக்கும் கல்யாண வயது வந்துவிட்டது.

லாரி நகர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை தெரு முழுவதுக்கும். பழைய மனு எதையும் திறக்காமல் வெள்ளைத் தாளில் ஆரம்பித்தேன். முதல் வரி 'எங்களுக்கு வேண்டியது' என்று தொடங்குகிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.

நேற்று கடை பெஞ்சில் வைத்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறார். பேனாவை மூடியோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டார். முடிக்கும்வரை தரமாட்டாராம்.

சித்தி கரண்டியோடு வந்து நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. என் பேரு இதுல எங்கனா வருதா?"

"தேடிப் பாக்கறேன் சித்தி."

போனில் கஸ்தூரி என்று தட்டினேன். ஓர் இடத்தில் வந்தது. காட்டினேன். கடைசிப் பக்கம், கையெழுத்துப் பட்டியலில், முதல் பெயர்.

எட்டிப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"அது இர்க்கட்டும்" என்றாள்.